கள்ளுச் சுவைப்போட்டி: பெயர் மறைச்சு வைக்கிறது எப்பிடி?

கேள்வி: கிளிநொச்சியிலை பனங்கள்ளு, தென்னங்கள்ளு எதெண்டு சுவைச்சுச் சொல்லுற போட்டி வைக்கப்போறம். பெயர் மறைச்சுச் சுவைக்கிற வைன் போட்டி முறை இதுக்குச் சரிவருமோ?

பதில் 1: வரும். ஆனா கள்ளு இறக்கின நேரம் வேறயெண்டால் ஆக்கள் மரத்தையில்லை, புளிப்பைத்தான் பிரிப்பினம். எல்லா முட்டியும் ஒரே நேரம் இறக்கி, வடிச்சு, உடன ஐஸ்பெட்டியிலை வையுங்கோ. போத்தல் மூடியை இறுக்கவேண்டாம், வாயு கூடினா வெடிக்கும்.

பதில் 2: ஆளுக்கு மூண்டு கிளாஸ், இரண்டு ஒரே கள்ளு, ஒண்டு வேற. வேறயானதைக் கேளுங்கோ. குருட்டுவாக்கிலை சொன்னாலும் மூண்டுக்கு ஒருக்காச் சரிவரும், அதாலை நாலைஞ்சு சுற்று வேணும். கிளாசுக்கு 20 மில்லிலீற்றர் போதும், துப்பப் பாத்திரமும் வையுங்கோ. கிளாசிலை 1, 2 எண்டு எழுதினா முதலாவதுக்கே மனம் சாயும்; 417, 582 மாதிரி எழுதுங்கோ.

பதில் 3: ஊத்தினவர் பரிமாறக்கூடாது, முகமே காட்டிக்குடுக்கும். நிறம் தெரியாமல் சில்வர் டம்ளர் நல்லது. இடையிலை தண்ணியும் வெறும் பாணும் மட்டும். போட்டி முடியும்வரை மிளகாய்ப் பொரியல் கிட்டவும் வேண்டாம்.