புதுப்பிப்பு: காலேஜ் மெர்ஜருக்கு எதுக்கு தனி வக்கீல்?

போன த்ரெட்ல அமெரிக்காவுல காலேஜுகளை இணைக்கிறதுக்குன்னே தனி வக்கீலுங்க இருக்காங்கன்னு போட்டதுக்கு "காலேஜ் என்ன கம்பெனியா, ஷேரை வாங்கினா முடிஞ்சுது"ன்னு கேட்டிருந்தீங்க. விஷயமே அங்கதான். பெரும்பாலான பிரைவேட் காலேஜ் அங்க லாப நோக்கமில்லாதது, ஓனரும் கிடையாது ஷேரும் கிடையாது, அப்புறம் எதை வாங்குறது?

கலிஃபோர்னியாவுல இருக்கிற ஓக்லாண்ட் மில்ஸ் காலேஜை எடுத்துக்குங்க. 1852ல ஆரம்பிச்சது, இளங்கலைல பொண்ணுங்க மட்டும்தான். அட்மிஷன் குறைஞ்சு, கையில காசும் இல்லாம 2022 ஜூலைல நார்த்ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டியோட சேர்ந்துச்சு, இப்ப பசங்களும் படிக்கலாம். நடுவுல பழைய மாணவிங்க கோர்ட்டுக்கே போயி, இணைப்பு பத்தி டிரஸ்டிங்க (காலேஜ் நிர்வாகக் குழு) நடத்த இருந்த ஓட்டெடுப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தியே வச்சாங்க (கெட்டிக்காரிங்கப்பா!).

வக்கீலுக்கு நிஜமான தலைவலி எண்டோமெண்ட்தான், அதாவது காலேஜுக்கு நன்கொடையா வந்து சேர்ந்த நிதி. "இந்தப் பணம் மியூசிக் படிக்கிற பொண்ணுக்கு மட்டும்"னு எந்தக் காலத்துலயோ ஒருத்தர் எழுதி வச்சுட்டுப் போயிருப்பாரு, அதை இஷ்டத்துக்கு மாத்த முடியாது, கோர்ட்டு, அட்டர்னி ஜெனரல் (மாநில அரசோட தலைமை வக்கீல்)னு அலையணும். அங்கீகாரம் குடுக்குற அமைப்பும் மத்திய கல்வித்துறையும் தலையாட்டலன்னா ஸ்டூடண்ட் லோனுக்கே சிக்கல்.

டென்யூர் (புரொஃபசருங்களோட நிரந்தர வேலை உத்தரவாதம்) இணைஞ்ச பிறகும் தொடருமான்னு கேட்டவருக்கு: ஒப்பந்தத்துல என்ன எழுதுறாங்களோ அதைப் பொறுத்துதான், சும்மா தானா எல்லாம் புது காலேஜுல தொடரும்னு நம்பிடாதீங்க.