தோப்புக்கும் மலைக்கும் ஒரு கத்தி: பட்டறையா, கம்பெனியா?

சோழவந்தான்_தோப்பு
மடக்காத கத்தி ஒன்னு வாங்கணும். பட்ஜெட் 3000 ரூபாய். கொண்டு போற இடம்: சிறுமலையில தனியார் எஸ்டேட் கேம்ப், எங்க தென்னந்தோப்பு, எப்பவாவது மேகமலைப் பக்கம். வேலை: கயிறு அறுக்க, காய்கறி கறி நறுக்க, அடுப்புப் பத்தவைக்கச் சுள்ளி சீவ, கூடாரத்துக்கு முளை செதுக்க. திருப்பாச்சேத்தியில சொல்லி அடிச்சுக்கோன்னு ஒருத்தர் சொல்றாரு, ஸ்வீடன் கம்பெனிக் கத்தி மோரா வாங்குன்னு இன்னொருத்தர் சொல்றாரு. காரணத்தோட சொல்லுங்கண்ணே.

பட்டறைவாசி
தம்பி, மானாமதுரை ரோட்டுல திருப்பாச்சேத்தி இருக்கையில ஸ்வீடனுக்கு எதுக்குப் போகணும்? லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்ச கத்தி அடி தாங்கும். அந்த இரும்புல கார்பன் 0.5 – 0.6 சதவீதம், கூடவே சிலிக்கன் ஒன்றரையிலிருந்து இரண்டு சதவீதம். வளைஞ்சு நிமிரத்தான் அதைச் செய்யவே செய்யுறாங்க. அளவும் நம்ம கையில இருக்கு. வாய் நீளம் 12 செ.மீ., முதுகு 4 மி.மீ., இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் போகணும்னு சொன்னா அப்படியே அடிச்சுத் தருவாங்க.

மோராவுல கம்பானியன்னு ஒரு மாடல், அதுல முதுகு 2.5 மி.மீ.தான். காம்பு பிளாஸ்டிக் பிடிக்குள்ளயே முடிஞ்சு போகுது. சீமைக்கருவேலத்துல வச்சு முதுகுல நாலு தட்டு தட்டினா தெரியும் சேதி.

மில்லிமீட்டர்
“லாரி பட்டை” என்பது இரும்பின் பெயர் இல்லை, அது எங்கே இருந்தது என்பதன் பெயர். அண்ணன் சொன்ன சிலிக்கன் கணக்கு ஒரு வகைப் பட்டைக்குப் பொருந்தும். குரோமியம் சேர்ந்த பட்டையும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் உலைச்சூடு வேறு. கையில் இருப்பது எது என்று பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம் துவைச்சல், அதாவது உலையில் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று தோய்த்து இரும்பைக் கடினமாக்குவது. வண்டியில் இருக்கும்போது அந்தப் பட்டையின் கடினம் ராக்வெல் அளவில் 42 – 48 தான். கத்தியின் வாய்க்கு 56 – 58 வேண்டும். பட்டையை வெட்டி, அரைத்து, பிடி போட்டுத் தருகிற கத்திகளும் சந்தையில் உண்டு. அவற்றை மறுபடி உலையில் வைத்துத் துவைத்திருக்கவே மாட்டார்கள். அவை உடையாது, ஆனால் ஒரு கிலோ வெங்காயம் நறுக்குவதற்குள் மழுங்கும். “உடையவே உடையாது” என்று விற்கிறவர் பெரும்பாலும் இந்த மிருதுவைத்தான் பெருமையாகச் சொல்கிறார்.

இன்னொன்று, ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கலாம். வருஷக்கணக்கில் வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. துவைக்கும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும். துவைக்கும்போது பிளந்தால் தப்பித்தோம், காட்டில் பிளந்தால் பிளந்ததுதான்.

கம்பானியன் எவர்சில்வர் மாடலில் வருவது 12சி27 என்ற வகை இரும்பு. கார்பன் 0.6, குரோமியம் 13.5 சதவீதம். வாய் நீளம் 104 மி.மீ. ஆயிரம் கத்தி எடுத்தாலும் துவைச்சல் ஒரே மாதிரி இருக்கும். பட்டறைக் கத்தியில் இந்த உறுதி கிடைக்காது, ஆசாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

பட்டறைவாசி
உறுதி கிடைக்காதுன்னு சொல்லாதீங்க தம்பி. கேக்கத் தெரியாதவனுக்குக் கிடைக்காது, அவ்வளவுதான். ஆர்டர் கொடுக்கிறப்ப என்ன கேக்கணும்னு சொல்றேன்.

முதல்ல பட்டை. பட்டை கட்டுற ஒர்க்‌ஷாப்புல புதுப் பட்டையோட வெட்டுத்துண்டு விழும். அதைக் கேட்டு வாங்கிட்டுப் போயி ஆசாரிகிட்ட கொடுக்கணும். ஓடின பட்டை வேண்டாம். இதுல உங்க பேச்சு சரி.

அடுத்து சூடு. உலையில காயுற இரும்பு ஒரு கட்டத்துல காந்தத்தை விட்டுரும். அது சுமார் 770 டிகிரி. அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் ஏறி, நல்லாப் பழுத்த ஆரஞ்சு நிறம் வந்ததும் எடுக்கணும். பட்டறை ஏன் இருட்டா இருக்குன்னு நினைக்கிறீங்க? வெயில்ல அந்த நிறம் தெரியாது. மஞ்சளுக்குப் போயிட்டா இரும்புக்குள்ள இருக்கிற பொடி மணி பெருத்துப் போகும், அப்புறம் கத்தி கண்ணாடி கணக்கா ஒடியும்.

மூணாவது, தோய்க்கிறது எண்ணெயில. அருவாளுக்கு வாயை மட்டும் தண்ணியில தோய்ப்பாங்க. தடிச்ச முதுகு மிருதுவா இருந்து அடியைத் தாங்கிக்கும், அதுக்கு அது சரி. மெல்லிசான கத்தியைத் தண்ணியில போட்டா வாயில மயிரிழை வெடிப்பு விழும். எண்ணெயைக் கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூட, 50 – 60 டிகிரிக்குக் காய வச்சு, கத்தியை மூக்கு முன்னால விட்டு நேரா இறக்கணும். படுக்கப் போட்டா கோணும்.

கடைசியா இளக்கம், அதாவது தோய்ச்ச இரும்பு ஒடியாம இருக்க மிதமாச் சூடு காட்டுறது. இதைத்தான் அவசரத்துல விட்டுடுவாங்க. தோய்ச்ச கையோட 200 டிகிரியில ஒரு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு தடவை ஒரு மணி நேரம். வீட்டு ஓவன் போதும். மினுக்கின இடத்துல வெளிர் வைக்கோல் நிறம் வரணும். நீலம் வந்தா 300-ஐத் தொட்டுருச்சு, வாய் மிருதுவாப் போச்சு.

இத்தனையும் செஞ்ச கத்தி உங்க கம்பெனிக் கத்திக்கு ஒரு மயிரிழை குறையாது.

மில்லிமீட்டர்
குறையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் தோப்புக்குக் கத்தி தேடுகிறார், உலோகப் படிப்பு படிக்க வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் துண்டு தேடி, பட்டறையில் எண்ணெய் காய வைக்கச் சொல்லி, வீட்டு ஓவனில் இளக்கி… இவ்வளவையும் வாங்குகிறவர் மேற்பார்வை பார்க்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் வாங்குவதா?

வடிவத்தையும் நீங்கள் தொடவில்லை. பட்டறைக் கத்தியில் நான் காண்கிற பெரிய குறை துவைச்சல்கூட இல்லை, வாயின் தடிப்பு. முதுகு 4 மி.மீ. இருக்கட்டும். கூருக்குச் சற்று மேலே எவ்வளவு தடிப்பு என்று வெர்னியர் வைத்துப் பாருங்கள். ஒரு மி.மீ.க்கு மேல் இருந்தால் அது கேரட்டை நறுக்காது, பிளக்கும். அரை மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அருவாள் அடித்துப் பழகிய கைக்கு வாயை மெல்லிசாக்க மனசு வராது. அருவாளுக்கு அந்தத் தடிப்பு தேவை, அதனால்.

மோராவின் ஸ்காண்டி வாயில் அகலமான ஒரே சரிவு, நேராகக் கூரில் போய் முடியும். சுள்ளி சீவ, முளை செதுக்க அதுதான் தோது. சரிவை அப்படியே மரத்தின் மேல் படுக்க வைத்துத் தள்ளினால் கத்தி தானாகக் கோணம் பிடிக்கும்.

சீமைக்கருவேலத்தில் தட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். காய்ந்த சீமைக்கருவேலக் கணுவில் எந்தக் கத்தியை வைத்துத் தட்டினாலும் தவறு தட்டுகிறவரிடம்தான். பிளக்க வேண்டிய கட்டையின் தடிப்பு கத்தி வாயின் நீளத்தைவிட 3 செ.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும். கம்பானியனுக்கு 6 – 7 செ.மீ. தடிப்புள்ள கட்டை. கணு இருக்கக் கூடாது, நார் நேராக ஓட வேண்டும். முழங்காலிட்டுக் கட்டையைத் தரையில் வேறொரு கட்டை மேல் நிறுத்தித் தட்ட வேண்டும், தொடைகளுக்கு நடுவில் வைத்து அல்ல. அதற்கு மேல் தடித்த கட்டைக்குத்தான் ஆண்டவன் அருவாளைப் படைத்தான். பயந்தால் 3.2 மி.மீ. முதுகுள்ள ஹெவி டியூட்டி மாடல் இருக்கிறது.

அடிவாரம்_அழகர்மலை
ரெண்டு பேரும் விறகு பிளந்துக்கிட்டே இருக்கீங்க. அவர் பட்டியல்ல விறகு பிளக்குறது எங்கய்யா இருக்கு?

காப்புக்காட்டுக்குள்ள தீ மூட்டுறதும் மரம் வெட்டுறதும் 1882-ம் வருஷத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மேகமலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். 2018 மார்ச்சுல குரங்கணி தீக்கு அப்புறம் மலையேற்றத்துக்குக் கெடுபிடி இன்னும் கூடிப்போச்சு. அங்க சுள்ளி சீவுற வேலைக்கே இடமில்லை, கேஸ் அடுப்பு உட்பட எதைக் கொண்டு போகலாம்னு வனத்துறைகிட்ட முன்கூட்டியே கேட்டுக்கணும். அப்ப கத்திக்கு மிச்சம் இருக்கிற வேலை கயிறும் வெங்காயமும்தான்.

தீ மூட்ட முடியுறது எஸ்டேட்டுலயும் சொந்தத் தோப்புலயும். தோப்புல ஏற்கெனவே அருவா இருக்கும். தென்னை மட்டையை அருவாதான் வெட்டும், 10 செ.மீ. கத்தியில அந்த நாரோட மல்லுக்கட்ட வேண்டாம். அதனால சின்னக் கத்தி போதும். 9 – 11 செ.மீ. வாய், 2.5 – 3 மி.மீ. முதுகு. அது பட்டறையா கம்பெனியாங்கிறது எனக்குப் பெரிய விஷயமாத் தெரியலை.

சட்டமும் தெரிஞ்சிருக்கணும். 2016 ஆயுத விதிகள்ல 9 அங்குலத்துக்கு மேல நீளம் இல்லாட்டி 2 அங்குலத்துக்கு மேல அகலம் உள்ள கத்தி ஆயுதப் பட்டியல்ல வரும். வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு உண்டு. அருவா விவசாயக் கருவிதான். இருந்தாலும் ராத்திரி பைக்குல முதுகுப் பையில அருவா பிடி நீட்டிக்கிட்டுப் போனா, விலக்கைச் செக்போஸ்ட்டுல நின்னு விளக்க வேண்டியிருக்கும். கத்தியை உறையோட துணியில சுத்தி, சமையல் சாமான் கூடப் பைக்கு அடியில வைங்க. இடுப்புல கட்டுறதெல்லாம் கேம்ப்புக்குள்ள போன பிறகு.

சோழவந்தான்_தோப்பு
நன்றிண்ணே. துரு? கடையில ஒருத்தர் காந்தம் வச்சுக் காட்டி, “ஒட்டலை பாருங்க, ஒரிஜினல் எவர்சில்வர், துருவே ஏறாது”ன்னாரு.

சாணைக்கல்
அந்தக் கடையை விட்டு வெளியே வாங்க. கத்திக்கு உகந்த எவர்சில்வர் கிட்டத்தட்ட எல்லாமே காந்தத்துல ஒட்டும். ஒட்டாதது பாத்திரம் செய்யுற வகை, அதைத் துவைச்சாலும் கடினம் ஏறாது. கூர் நிக்காது.

துருவைப் பத்தி நேராச் சொல்லிடுறேன். பட்டைக் கத்தியில புளி, எலுமிச்சை, மாங்காய் பட்டா அஞ்சு நிமிஷத்துல கறுக்கும். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, செந்துரு வந்தாத்தான் கெடுதல். கழுவி, துடைச்சு, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவினாப் போதும். மாசக்கணக்குல பெட்டியில வைக்கிறதா இருந்தா தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடிக்கும், மிஷின் எண்ணெய் தடவி வைங்க. எவர்சில்வருக்கும் முழு விடுதலை கிடையாது. உப்புக் கறியை அறுத்துட்டு ஈரத்தோட உறையில போட்டா ஊசிக்குத்து மாதிரி புள்ளி விழும்.

தோல் உறை பார்க்க அழகு, ஆனா அதுக்குள்ளயே வச்சு பீரோவுல பூட்டாதீங்க. தோல் ஈரத்தைக் குடிச்சு வச்சிருக்கும். ஐப்பசி மழைக்குள்ள ரெண்டு பக்கமும் துரு. பிளாஸ்டிக் உறையா இருந்தா அடியில ஓட்டை இருக்கான்னு பாருங்க, தண்ணி வடியணும்.

தீட்டுறதுக்கு இரும்புக்கடையில விக்கிற ரெண்டு பக்கக் கார்போரண்டம் கல் போதும். 25 மி.மீ. அகலக் கத்தின்னா முதுகை எட்டரை மி.மீ. தூக்கினா 20 டிகிரி வரும். ஒரு பக்கம் தேய்ச்சுட்டு மறுபக்கம் விரல்ல தட்டிப் பாருங்க, நுனியிலிருந்து பிடி வரைக்கும் பிசிறு படணும். பட்டா மாத்து. கடைசியில பழைய தோல் பெல்ட்டுல பின்னோக்கி இழுங்க. ஸ்காண்டியில முதுகைத் தூக்க வேண்டாம், சரிவையே கல்லுல படுக்க வைக்கணும். முடிச்ச பிறகு மட்டும் 20 டிகிரியில பக்கத்துக்கு மூணு இழுப்பு. இல்லாட்டி கணு பட்ட இடத்துல வாய் சில்லுச் சில்லாப் பேரும்.

தெருவுல வர்ற சைக்கிள் சாணையில மட்டும் கொடுக்காதீங்க, மோரான்னாலும் பட்டறைன்னாலும். வறட்டுக் கல்லுல பொறி பறக்கும்போது வாய் நீலமாகும். அந்த நீலம் போற ஆழம் வரைக்கும் துவைச்சல் போச்சு.

பட்டறைவாசி
அடிவாரம் சொன்ன அளவுலயே அடிச்சுக்கலாமே. 10 செ.மீ. வாய், 3 மி.மீ. முதுகு. பிடிக்குப் பூவரசு இல்லாட்டி வாகை. நீளம் 11 செ.மீ.க்குக் குறையக் கூடாது, நாலு விரலும் உட்காரணும்.

மில்லிமீட்டர்
பிடியை எப்படிப் பொருத்துவார்கள்? பூண் போட்டு அரக்கு ஊற்றினால் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளேயே இளகும். மரமும் கோடையில் சுருங்கி மழையில் ஊதும், காம்பு ஆட ஆரம்பிக்கும். வியர்த்த கையில் ஆடுகிற பிடியைவிட மழுங்கிய கத்தி மேல்.

பட்டறைவாசி
அரக்கு அருவாளுக்கு. இதுக்கு ரெண்டு பக்கமும் பலகை வச்சு, அரால்டைட் தடவி, 5 மி.மீ. பித்தளை ஆணி மூணு. வார்னிஷ் அடிக்காதீங்க, வியர்வையில வழுக்கும். வேப்பெண்ணெய் ஊற வச்சாப் போதும்.

மில்லிமீட்டர்
சரி. அப்படியானால் ஒரே ஒரு நிபந்தனை. 6 மி.மீ. பித்தளைக் கம்பியை வைஸில் பிடித்து, கத்தியின் கூரை அதன் மேல் 20 டிகிரியில் வைத்து அழுத்தி இழுக்க வேண்டும். வாய் லேசாக வளைந்து நிமிர்ந்தால் துவைச்சல் சரி. வளைந்தது வளைந்தபடி நின்றால் மிருது. சில்லுப் பெயர்ந்தால் இளக்கவில்லை. இந்தச் சோதனைக்கு ஆசாரி சம்மதித்தால் தம்பி தாராளமாகத் திருப்பாச்சேத்தி போகட்டும். சம்மதிக்காவிட்டால் கம்பானியன்.

பட்டறைவாசி
சம்மதிப்பாங்க. ஆனா பிடி போடுறதுக்கு முன்னாடி கேக்கச் சொல்லுங்க. மரமும் பசையும் ஏறிட்டா கத்தியைத் திரும்ப உலைக்குள்ள வைக்க முடியாது. வாயைத் தீட்டி, வெத்துக் காம்போட கம்பியில இழுத்துப் பார்த்து, தேறலைன்னா மறுபடி துவைச்சு, அப்புறம் பலகை வைக்கணும். முன்பணம் கொடுக்கிறப்பவே இதைச் சொல்லிடு தம்பி.