டியூஷன் கட்டணத்தை ஆப் வழியாக வசூலித்துக் கொடுக்க ரிசர்வ் வங்கி உரிமம் வேண்டுமா?

கோவைகோடர் (கேள்வி):

வணக்கம். டியூஷன் சென்டர்களுக்கான ஆப் ஒன்று தயாராகிறது. வருகைப்பதிவு, மதிப்பெண், கட்டண நினைவூட்டல் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்து, கட்டணத்தையும் ஆப்பிலேயே வாங்கத் திட்டம். பெற்றோர் யு.பி.ஐ.யில் கட்டும் பணம் எங்கள் நிறுவனத்தின் கரண்ட் அக்கவுண்டுக்கு வரும். 1 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியை மறுநாள் அந்தந்த சென்டருக்கு அனுப்பிவிடுவோம். தொடக்கத்தில் 30 சென்டர், சென்டருக்கு 100 மாணவர், மாதம் 2,000 ரூபாய் கட்டணம்.

இதற்கு உரிமம் தேவையா? 1 சதவீதம் பிடிக்கலாமா? யு.பி.ஐ. பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை 2024-25இல் 18,500 கோடியைத் தாண்டிவிட்டதே, இந்த வளர்ச்சியில் சின்ன நிறுவனத்துக்கு வருமானம் எங்கேதான் இருக்கிறது?

நிலுவைகணக்கு:

இந்த வடிவில் செய்யவே கூடாது. ஒருவர் கட்டும் பணத்தை வாங்கி, திரட்டி வைத்து, இன்னொரு வியாபாரிக்குப் பட்டுவாடா செய்வதுதான் பேமென்ட் அக்ரிகேட்டர் வேலை. 2007ஆம் ஆண்டு பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் பேமென்ட் சிஸ்டம் நடத்த முடியாது. ஒரு நாள் மட்டும்தானே நம்மிடம் இருக்கிறது என்ற வாதம் எடுபடாது.

உரிமம் வாங்கலாமே என்றால், விண்ணப்பிக்கும்போதே நிகர மதிப்பு 15 கோடி ரூபாய் இருக்க வேண்டும், மூன்றாவது நிதியாண்டு முடிவதற்குள் 25 கோடி ஆக வேண்டும். 2020 மார்ச் வழிகாட்டுதலில் வந்த இந்த வரம்பு, 2025 செப்டம்பரில் வந்த புதிய தொகுப்பு உத்தரவிலும் தொடர்கிறது. வசூல் பணம் வணிக வங்கி ஒன்றில் தனி எஸ்க்ரோ கணக்கில், அதாவது உரியவருக்குத் தருவதற்கென்றே ஒதுக்கிய கணக்கில்தான் இருக்க வேண்டும். அதிலிருந்து அலுவலக வாடகை கட்டக்கூட முடியாது.

சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கட்டுகிற ஒருவரின் கணக்கில் மோசடிப் பணம் புரண்டிருந்தால், 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் பதிவான புகார் அந்தப் பணம் போன வழியெல்லாம் தொடர்ந்து வரும். வங்கி உங்கள் கரண்ட் அக்கவுண்டை முடக்கிவிட்டால் 30 சென்டரின் பணமும் அதில் மாட்டிக்கொள்ளும். முடக்கச் சொன்னது எங்கோ வேறு மாநில சைபர் கிரைம் பிரிவாக இருந்தால், விடுவிப்பதற்குள் ஒரு மாதக் கட்டணச் சுழற்சியே போய்விடும்.

இன்னொன்று, மாதம் 60 லட்சம் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டால் பார்ப்பவர்களுக்கு அது உங்கள் விற்றுமுதல் மாதிரிதான் தெரியும். வருமான வரி, ஜி.எஸ்.டி. இரண்டுக்கும் விளக்கம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

மதுரைமணி:

சென்டரோடு "வசூல் முகவர்" ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் போதும், நாம் சென்டரின் ஏஜென்ட், சென்டர் சார்பில் வாங்குகிறோம், அவ்வளவுதான் என்று சில ஆலோசகர்கள் சொல்கிறார்களே?

நிலுவைகணக்கு:

ஒரே சென்டருக்கு வசூலிக்கிற ஆள் என்றால் பேசிப் பார்க்கலாம். முப்பது பேர் பணத்தை ஒரே கணக்கில் கலந்து வைத்து, கமிஷன் எடுத்து, பிரித்து அனுப்பினால் ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் செய்கிற வேலை அக்ரிகேட்டர் வேலைதான். கணக்கின் போக்கு பிடிபட்டதும் உங்கள் வங்கியே முதலில் கேட்கும்.

வெப்ஹூக்வேலு:

பணத்தைத் தொடாமல் இதையே செய்ய வழி இருக்கிறது. உரிமம் பெற்ற ஒரு அக்ரிகேட்டரிடம் ஒவ்வொரு சென்டரையும் தனித்தனி வியாபாரியாகச் சேருங்கள். பணம் அவர்களின் எஸ்க்ரோவிலிருந்து நேராக சென்டர் கணக்குக்குப் போகும். உங்கள் ஆப் பில் உருவாக்கும், கட்டியாயிற்றா என்று பார்க்கும், ரசீது கொடுக்கும். நீங்கள் தொழில்நுட்பம் தருபவர் மட்டுமே.

சேர்ப்பதில்தான் முதல் இடறல். பான் உரிமையாளர் பெயரில் இருக்கும், பெயர்ப்பலகையில் "அகாடமி" இருக்கும், வங்கிக் கணக்கு மனைவி பெயரில் இருக்கும். அக்ரிகேட்டர் ஒரு ரூபாய் அனுப்பிக் கணக்குப் பெயரைச் சரிபார்க்கும்போது பொருந்தாமல் விண்ணப்பம் திரும்பி வரும். பான், அதே பெயரில் கரண்ட் அக்கவுண்ட், உத்யம் (சிறுதொழில் பதிவு) அல்லது ஜி.எஸ்.டி. சான்று, மூன்றும் ஒத்துப்போகிற சென்டரை முதலில் சேருங்கள். வியாபார வகைக் குறியீடும் கல்வியாகவே இருக்கட்டும். யு.பி.ஐ.யின் பொது வரம்பு 1 லட்சம். கல்விக் கட்டணத்துக்கு 5 லட்சம். டியூஷனுக்கு அவ்வளவு தேவைப்படாதுதான், ஆனாலும் குறியீடு தவறினால் பின்னால் திருத்துவது வெகு நேரம் பிடிக்கும்.

அடுத்தது கியூஆர். சுவரில் ஒட்டிய ஒரே கியூஆரில் எல்லாரும் கட்டினால் எந்த 2,000 எந்த மாணவனுடையது என்று யாருக்கும் தெரியாது. அப்பா பெயரில் ஒன்று வரும், சித்தப்பா எண்ணிலிருந்து ஒன்று வரும். ஒவ்வொரு பில்லுக்கும் தொகையும் பில் எண்ணும் பதித்த டைனமிக் கியூஆர் உருவாக்குங்கள்.

வெப்ஹூக் (பணம் கட்டியதும் அக்ரிகேட்டர் உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தி) வந்ததும் அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் "கட்டியாயிற்று" என்று குறிக்காதீர்கள். ஒரே செய்தி இரண்டு முறை வருவது சகஜம், அதனால் பரிவர்த்தனை எண்ணை டேட்டாபேஸில் யூனிக் (ஒரே எண் இரண்டு முறை பதியாதபடி) ஆக்கிவிடுங்கள். செய்தி வராமலே போவதும் உண்டு, பரிவர்த்தனையின் நிலையைச் சொல்லும் அக்ரிகேட்டரின் ஸ்டேட்டஸ் ஏ.பி.ஐ.யை நீங்களாகவும் கேட்டுப் பார்க்க வேண்டும். "பெண்டிங்" நிலையைத் தோல்வி என்று காட்டிவிட்டால் பெற்றோர் மறுபடி கட்டுவார், மாலையில் இரண்டுமே வெற்றியாகும். பணம் கழிந்து வியாபாரிக்கு உறுதி வராவிட்டால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதற்குமேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதி. இந்த வரியை ஆப்பின் பெண்டிங் திரையிலேயே போட்டுவிடுங்கள், பாதி அழைப்பு குறையும். ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக ஏற்கவே ஏற்காதீர்கள்.

வட்டிக்கணக்கு:

வருமானக் கேள்விக்கு வருகிறேன். 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்.டி.ஆர். (பரிவர்த்தனைக்காக வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம்) பூஜ்யம். அதே 2007 சட்டத்தின் 10ஏ பிரிவு, வங்கியும் சிஸ்டம் நடத்துபவரும் கட்டுபவரிடமோ பெறுபவரிடமோ கட்டணம் விதிப்பதைத் தடுக்கிறது. அரசு ஈடாகத் தரும் ஊக்கத்தொகை 2024-25க்கு 1,500 கோடி; சிறு வியாபாரிக்கு வரும் 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம். அதுவும் வியாபாரியின் வங்கிக்குப் போய் அங்கிருந்து பிரிகிறது. உங்கள் கைக்கு எட்டாது. எண்ணிக்கை எவ்வளவு ஏறினாலும் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் கிடைப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அதனால்தான் பெரிய ஆப்களே கடன், காப்பீடு, சவுண்ட்பாக்ஸ் (பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி) வாடகை என்று வேறு பக்கம் போகின்றன.

ஆகவே சதவீதத்தை மறந்துவிட்டு மென்பொருள் சந்தாவாக வாங்குங்கள். நீங்கள் போட்ட கணக்குப்படி 60 லட்சத்துக்கு 1 சதவீதம் 60,000. சென்டருக்கு மாதம் 2,000 சந்தா என்றாலும் அதே 60,000தான். ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு எடுத்து 18 சதவீதத்தோடு பில் போடுங்கள். பெற்றோர் தலையில் "கன்வீனியன்ஸ்" கட்டணம் ஏற்றாதீர்கள்.

வாலெட்டிலிருந்து யு.பி.ஐ. வழியாக 2,000க்கு மேல் கட்டினால் துறையைப் பொறுத்து 1.1 சதவீதம் வரை இன்டர்சேஞ்ச் (வியாபாரியின் வங்கி வாலெட் நிறுவனத்துக்குத் தரும் கட்டணம்) உண்டு. யு.பி.ஐ.யில் இணைத்த ரூபே கிரெடிட் கார்டுக்கும் எம்.டி.ஆர். உண்டு, சிறு வியாபாரிக்கு 2,000 வரை விலக்கு. மாதம் 2,000 என்றால் தப்பித்தீர்கள். மூன்று மாதத்துக்கு 6,000 என்று சேர்த்து வாங்கினால் சென்டருக்குச் செலவு வரலாம். வங்கிக் கணக்கிலிருந்து நேராக வந்தால் எந்தத் தொகைக்கும் எம்.டி.ஆர். இல்லை.

கோவைகோடர்:

தெளிவாகிவிட்டது, நன்றி. ஆவணம் சரியில்லாத சென்டர்களுக்கு மட்டும், உரிமையாளரின் சொந்த யு.பி.ஐ. ஐடியை வைத்துத் தற்காலிகமாக ஓட்டலாமா?

வெப்ஹூக்வேலு:

பணம் உங்களிடம் வராததால் உரிமப் பிரச்சினை இல்லை. ஆனால் தனிநபர் ஐடிக்கு வெப்ஹூக் கிடையாது, தனிநபர் கலெக்ட் கோரிக்கையும் (யு.பி.ஐ.யில் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்புவது) 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பெற்றோர் 12 இலக்க ரெஃபரன்ஸ் எண்ணை ஆப்பில் பதியட்டும். சென்டர்காரர் வங்கி ஸ்டேட்மென்டை ஏற்றியதும் எண்ணும் தொகையும் தேதியும் பொருந்தினால் மட்டும் ரசீது போகட்டும். அதுவரை திரையில் "சரிபார்ப்பில்" என்றே காட்டுங்கள்.