மாசி வீதிப் பக்கம் சீரமைப்பு பற்றிப் பகுதி சபையில் பேசப் போகிறார்கள், என்ன கேட்கலாம்?

கீழமாசிக்காரன்:

வணக்கம். மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. அடுத்த பகுதி சபையில் (வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) எங்கள் பக்கத்து வீதிகளின் சீரமைப்பு பற்றிப் பேசலாம், கருத்தை எழுதிக் கொண்டு வாருங்கள் என்று வார்டில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பேச்செல்லாம் நடைபாதைக்கு என்ன கல், விளக்குக் கம்பம் பழைய பாணியா புதுப் பாணியா, கடைப் பலகையெல்லாம் ஒரே நிறத்தில் வேண்டுமா என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. 2016-ல் மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது, பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து கோயிலைச் சுற்றி நிறைய வேலை நடந்தது, அந்தத் திட்டமும் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. போட்டதை இனி யார் பராமரிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். எங்கள் சந்து முனையில் குழாய்க்காகத் தோண்டியவர்கள் எடுத்த கல்லைத் திரும்பப் பதிக்காமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள், ஒரு மழைக்கே குழியாகிவிட்டது, என் அம்மா அந்த முனையைத் தாண்டப் பயந்துகொண்டு கோயிலுக்குப் போவதையே குறைத்துவிட்டார்கள். புதுசாக எதுவும் போடுவதற்கு முன்னால் பராமரிப்புக்கு எழுத்தில் பதில் வேண்டும் என்பது என் கட்சி. அதை எப்படிக் கேட்டால் நழுவ முடியாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அனுப்பானடி வாசகர்:

தம்பி, நான் வேறு மாவட்டத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், இந்த மாதிரி வேலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லையும் விளக்கையும் விடுங்கள். முதலில் முடிந்த பிறகு ரோட்டு மட்டம் என்ன என்று கேளுங்கள். இப்போது இருக்கும் தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுகிறார்களா, இல்லை அதன் மேலேயே போடுகிறார்களா? சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு ரோடு போடும் துறைகளுக்கு எழுதினார். அது எஸ்டிமேட்டில் தனி இனமாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நடக்காது. மேலே மேலே போட்டால் வீட்டு வாசல் பள்ளத்துக்குப் போகும், தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வரும், அது எல்லோருக்கும் தெரியும். மாசி வீதிக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. சித்திரைத் தேர் அந்த நான்கு வீதிகளில்தான் சுற்றி வருகிறது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் செத்தார்கள், ரோட்டை உயர்த்திப் போட்டிருந்ததையும் அப்போது ஒரு காரணமாகச் சொன்னார்கள். அதனால் மட்டம் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

அப்புறம் வாறுகால். மூடிய வாறுகால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் எத்தனை அடிக்கு ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள், அந்த மூடியை இரண்டு ஆட்கள் தூக்க முடியுமா, மண் படிய குழி இருக்கிறதா என்பதில்தான் அதன் ஆயுள். தூர்வார வழியில்லாமல் மூடினால் இரண்டு மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும், பிறகு உடைத்துத்தான் திறக்க வேண்டும். வீதிக்குள் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் தண்ணீர் கடைசியில் கிருதுமால் மாதிரி ஒரு வாய்க்காலில் போய் விழ வேண்டும், அது தூர்ந்து கிடந்தால் இங்கே செலவழித்ததற்கு அர்த்தமில்லை. 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி செல்லூர்ப் பக்கம் என்ன ஆனது என்று பார்த்தோமே.

பராமரிப்புக்கு நீங்கள் கேட்டதற்கு நேர்ப் பதில்: டெண்டரில் டிஎல்பி (பழுதுக்குக் கான்ட்ராக்டர் பொறுப்பேற்கும் காலம்) என்று ஒன்று உண்டு, அந்தக் காலத்துக்குள் பழுது வந்தால் கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அது என்றைக்கு முடிகிறது என்று தேதியோடு கேளுங்கள். ஏற்கெனவே போட்ட வீதிகளுக்கும் கேளுங்கள். வாயால் சொல்ல மாட்டார்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் ஒப்பந்த நகலே கிடைக்கும்.

விளக்குத்தூண் கடைக்காரர்:

எல்லாம் சரி அண்ணே, நடைபாதையை அகலப்படுத்துகிறோம் என்று வருகிறார்களே, சரக்கு எங்கே இறக்குவது? கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடைகள், தெற்குமாசி வீதியில் ஜவுளி, பின்னால் வெங்கலக்கடைத் தெரு. காலையில் குட்டியானை லோடு வண்டி ஒன்று நின்றாலே பின்னால் ஆட்டோ, பைக் எல்லாம் மாட்டிக்கொள்கிறது. இந்த வீதிகள் லாரிக்காகப் போட்டவை அல்ல. சுவாமி புறப்பாட்டுக்காகவும் உள்ளே குடியிருந்தவர்களுக்காகவும் அமைந்தவை. வெளி வீதிகூட 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க வைத்த பிறகு வந்ததுதான். அதனால் அகலம் இனிமேல் கூடப் போவதில்லை. பழைய சென்ட்ரல் மார்க்கெட் இடத்தில் மல்டிலெவல் பார்க்கிங் வந்திருக்கிறது, அது காரில் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு உதவும், மூட்டை தூக்கும் லோடுமேனுக்கு உதவாது. எங்களுக்கு வேண்டியது, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை சரக்கு இறக்கலாம் என்று ஒரு நேரமும், ஒவ்வொரு பகுதியிலும் அதற்கென்று கோடு போட்ட ஓர் இடமும். அதைக் கொடுத்துவிட்டு மீதி நேரத்தில் வண்டியே விட வேண்டாம் என்றால்கூட நான் ஒத்துக்கொள்வேன். கொடுக்காமல் நடைபாதை போட்டால் வண்டி நடைபாதை மேல்தான் ஏறும், புதுக்கல் ஒரே வருஷத்தில் உடையும்.

சிம்மக்கல் அக்கா:

கடைக்காரத் தம்பி சொல்வதில் நேரம் பற்றிய பேச்சு நியாயம். ஆனால் நடைபாதை இல்லாததால் யார் ரோட்டில் நடக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். சாமி கும்பிட வருகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள், எல்லோரும் பைக்குக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் போகிறோம். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி நடக்க மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும், கடைத்தெரு என்றால் அதற்கு மேல். நம் ஊரில் நடைபாதை இருக்கும் இடத்திலும் கடையின் படிக்கட்டு, டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், நிறுத்திய பைக் என்று எதையாவது வைத்து மறித்திருக்கிறார்கள்.

இன்னொன்று. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் பூக்காரம்மாக்களையும் தள்ளுவண்டிக்காரர்களையும்தான் முதலில் அப்புறப்படுத்துகிறார்கள். 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: கணக்கெடுத்து சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கீழமாசிக்காரத் தம்பி, வரைபடத்தில் அவர்களுக்கு இடம் குறித்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கழிப்பறையையும் கேளுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து பூக் கட்டுகிறவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிவிட்டார்கள், எனக்கு வயிறு எரிகிறது. கட்டினால் மட்டும் போதாது, இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும், யார் கழுவுவது, அந்தச் சம்பளம் எந்தக் கணக்கில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் அந்தக் கல்லில் கால் வைக்க முடியுமா என்று கல் தேர்ந்தெடுக்கிறவர்கள் யாராவது மத்தியானம் நடந்து பார்க்கட்டும்.

கீழமாசிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. சரக்கு நேரம் என் யோசனையிலேயே இல்லை, கடைக்காரர் சங்கத்திடமும் பேசி அதையும் மனுவில் எழுதுகிறேன். அக்கா, கழிப்பறையை மேலேயே வைக்கிறேன். அண்ணே, ஒரு சந்தேகம், குழாய்க்காரர் தோண்டினால் பழையபடி போட்டுக் கொடுப்பது யார் பொறுப்பு?

அனுப்பானடி வாசகர்:

வெளியாள் அனுமதி கேட்டால் ரோட்டை வெட்டுவதற்குப் பணம் கட்டச் சொல்லித்தான் கொடுப்பார்கள், அந்தப் பணத்தில்தான் சரிசெய்ய வேண்டும். மாநகராட்சியே குடிநீர்க் குழாய் போடுகிறது என்றால் மூடித் தளம் போடுவது அந்தக் கான்ட்ராக்டின் உள்ளேயே இருக்கும். உங்கள் சந்து முனையில் தோண்டியது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். படம் எடுத்து, இடம் குறித்து, பகுதி சபையில் எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அம்மா நடக்கிற வழி அது, புது வேலை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.