வாணியம்பாடியில் மாரடைப்பு: ஊசி போட்டு அனுப்புவதா, நேரே வேலூருக்கா?

பாலாற்றுக்காரன்: ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. (ரத்தக்குழாய் அடைத்தால் மேலேறும் கோட்டுப் பகுதி) தூக்கியிருக்கிறது, வலி தொடங்கி இரண்டு மணி நேரம். உள்ளூர் மருத்துவமனை கட்டி கரைக்கும் ஊசி போடலாம் என்கிறது. வீட்டார் வேலூருக்கே போய் ஸ்டென்ட் வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். யார் பக்கம் நியாயம்?

கேத்லேப்வாசி: வீட்டார் பக்கம்தான். ஊசி போட்டாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ரத்தக்குழாய் சரியாகத் திறப்பதில்லை. ஊசியையும் நேரே பலூன் போட்டு அடைப்பைத் திறப்பதையும் ஒப்பிட்டு 2013இல் வந்த ஸ்ட்ரீம் ஆய்வில் ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேரை அவசரமாக ஆஞ்சியோவுக்கு (இதய ரத்தக்குழாயைப் படமெடுத்துப் பார்ப்பது) எடுக்க வேண்டியிருந்தது. மூளையில் ரத்தக்கசிவு ஊசிக் குழுவில் 1 சதவீதம், நேரே பலூன் போட்டவர்களில் 0.2. நாற்கரச் சாலை இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஏற்றி அனுப்புங்கள்.

ஆலங்காயம் டூட்டி: சார், அது டயர் உருளும் நேரம் மட்டும். 108 வந்து ஏற்றுவது, கேஷுவால்டியில் மறுபடி ஒரு ஈ.சி.ஜி., ஒப்புதல் கையெழுத்து, காப்பீட்டு அட்டையைத் தேடுவது, ராத்திரியானால் கேத்லேப் (ரத்தக்குழாய் வழியே அடைப்பைத் திறக்கும் அறை) ஆட்கள் வீட்டிலிருந்து வருவது, இதெல்லாம் யார் கணக்கில்? முதல் ஈ.சி.ஜி. பார்த்த நிமிடத்திலிருந்து கேத்லேப்பில் விடும் மெல்லிய கம்பி ரத்தக்குழாய் அடைப்பைத் தாண்டும் வரை 120 நிமிடத்துக்குள் முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் 10 நிமிடத்தில் ஊசி ஏற வேண்டும். அதே ஸ்ட்ரீமில் மரணம், ஷாக் (இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் பி.பி. படுத்துவிடுவது), இதயச் செயலிழப்பு, மறு மாரடைப்பு எல்லாம் சேர்த்து ஊசிக் குழுவில் 12.4 சதவீதம், நேரடிக் குழுவில் 14.3. பெரிய வித்தியாசமில்லை, ஊசி தோற்கவும் இல்லை. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கேத்லேப்வாசி: 120 என்பது உச்சவரம்பு, இலக்கு இல்லை. இன்னொன்று, கட்டி கரைக்கும் ஊசியில் ஏட்டில் இருப்பது டெனெக்டெப்ளேஸ்; பல இடங்களில் அலமாரியில் இருப்பது ஸ்ட்ரெப்டோகைனேஸ். 15 லட்சம் யூனிட் 30 முதல் 60 நிமிடம் ஓட வேண்டும். வேகமாக விட்டால் பி.பி. சரியும், நிறுத்திவிட்டுக் காலைத் தூக்கி சலைன் ஓட்ட வேண்டியதுதான். இதைவிட மோசம், வலி குறைந்துவிட்டது என்று ரெண்டு நாள் வார்டிலேயே படுக்க வைப்பது.

ஆலங்காயம் டூட்டி: அது ஊசியின் குற்றமில்லை, அனுப்பாதவர் குற்றம். ஊசி ஏறிய கையோடு வண்டி கிளம்ப வேண்டும். 60–90 நிமிடத்தில் மறு ஈ.சி.ஜி.; அதிகம் தூக்கியிருந்த லீடில் (ஈ.சி.ஜி.யின் ஒரு பதிவுக்கோணம்) எஸ்.டி. பாதிக்கு மேல் இறங்கவில்லையென்றால் நேரே கேத்லேப். இறங்கியிருந்தாலும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ. தமிழ்நாட்டிலேயே இப்படி மைய மருத்துவமனையோடு சின்ன மருத்துவமனைகளை இணைத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது: ஓராண்டு இறப்பு 17.6இலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது.

டெனெக்டெப்ளேஸ் எடை பார்த்து: 60 கிலோவுக்குக் கீழே 30 மி.கி., அதன்பின் ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 5 கூட்டி, 90க்கு மேல் 50. 75 வயதானால் பாதி. குப்பியைக் குலுக்காமல் சுழற்றிக் கரையுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஓடிய லைனில் போட்டால் மருந்து திரிந்து படியும்; முன்னும் பின்னும் சலைன் விட்டு அலசுங்கள்.

சிஸ்டர் 3வது ஷிப்ட்: சண்டைக்கு நடுவே ரெண்டு வார்த்தை. வலது மணிக்கட்டில் கேனுலா (மருந்து ஏற்றுற குழல்) குத்தாதீங்க. கேத்லேப்பில் பெரும்பாலும் அந்த வழியாத்தான் போவாங்க. இடது முன்கையில் போடுங்க. நெஞ்சுவலிக்கு முதலில் பார்க்கிற கிளினிக்கில் "கேஸ் ட்ரபிள்"னு சொல்லி இடுப்பில் டைக்ளோ (வலி ஊசி) குத்தி அனுப்புறாங்க. அப்புறம் கட்டி கரைக்கிற ஊசி ஏறினா அந்தக் குத்தின இடம் ரத்தம் கட்டி வீங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதயம் காப்போம் திட்டத்தில் 14 மாத்திரை தர்றாங்க: 150 மி.கி. ஆஸ்பிரின் 2, 75 மி.கி. குளோபிடோக்ரெல் 4, 10 மி.கி. அட்டோர்வாஸ்டாடின் 8. கொடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதலைன்னா அடுத்த இடத்தில் மறுபடி கொடுக்குறாங்க.

கேத்லேப்வாசி: சிஸ்டர் சொன்னது சரி. கூடவே, கீழ்ச்சுவர் மாரடைப்பில் வலப்பக்க லீடு, வி4ஆர், எடுக்காமல் நாக்கடியில் சார்பிட்ரேட் (ரத்தக்குழாயைத் தளர்த்தும் மாத்திரை) வைக்காதீர்கள். வலது வென்ட்ரிக்கிளும் (இதயத்தின் வலது கீழறை) அடி வாங்கியிருந்தால் பி.பி. சட்டென்று விழும். ஈ.சி.ஜி. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வயது, எடை, பி.பி., வலி தொடங்கிய நேரம் நான்கையும் போடுங்கள். பல நேரம் வெறும் படம்தான் வருகிறது, அதுவும் மங்கலாக.

பாலாற்றுக்காரன்: சரி, ஒரு கேஸ். ஆம்பூர், 80 வயது அம்மா, 50 கிலோ, பி.பி. 190/110. ஊசியா?

ஆலங்காயம் டூட்டி: வேண்டாம். கேத்லேப்புக்குப் போன் போட்டுவிட்டு ஏற்றுங்கள். முன்பு மூளையில் ரத்தக்கசிவு வந்தவர், மாரடைப்போடு ஷாக்கில் இருப்பவர், இவர்களுக்கும் அப்படித்தான்.

கேத்லேப்வாசி: ஆம்பூருக்கு ஒத்துக்கொண்டீர்கள். அதே அம்மா பீஞ்சமந்தை மலைமேல் இருந்தால்?

ஆலங்காயம் டூட்டி: மலையடிவாரத்தில் ஊசி போட வசதி இருக்கும் முதல் இடத்தில் பி.பி.யை 180/110க்குக் கீழே இறக்குவேன். வேறு தடை இல்லையென்றால் 15 மி.கி., குளோபிடோக்ரெல் நான்கு இல்லை, ஒன்றே ஒன்று. எனாக்ஸாபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி) நரம்பில் கிடையாது, தோலடியில் கிலோவுக்கு 0.75 மி.கி.

கேத்லேப்வாசி: அந்த வயதில் நான் 15 கூடப் போடமாட்டேன். வண்டியில் டிஃபிப்ரிலேட்டர் (இதயத் துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்கும் மின்கருவி) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புவேன்.