ராத்திரி காரில் என்ன கேட்பது? மாமாவுக்கும் எனக்கும் ஒரு பஞ்சாயத்து

தாம்பரத்துக்காரன்:
மாதம் ஒரு தடவை சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் குடும்பத்தோடு காரில் போகிறேன். ஏறக்குறைய 620 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் காலை டிபனுக்கு ஊர். ரோட்டைப் பற்றிக் குறை இல்லை. தகராறு எல்லாம் ஸ்பீக்கரில்தான். எனக்குக் குத்துப்பாட்டு வேண்டும், அதுவும் சத்தமாக. முன்சீட்டில் வரும் மாமனார் நாதஸ்வரம் கேட்பார். ஊர்ப்பாசம் வேறு, காருகுறிச்சி அருணாசலம் வாசித்தது என்றால் மதுரை வரை மாற்ற விடமாட்டார். மனைவி இரண்டையும் நிறுத்திவிட்டுக் கதை போடச் சொல்கிறார். ஓட்டுகிறவன் நான், தூக்கம் வந்தால் நாலு பேருக்கும் ஆபத்து, ஆகவே என் விருப்பம்தான் செல்லும் என்பது என் கட்சி. நியாயம் சொல்லுங்கள்.

ஆறாம்கியர்:
இதில் பஞ்சாயத்துக்கு என்ன இருக்கிறது? ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ அவர் பாட்டுத்தான். ஒன்பது வருடமாக இதே ரோட்டில் ஓட்டுகிறேன். திண்டிவனம் வரை எண்பதுகளின் மெலடி. விழுப்புரம் தாண்டியதும் கொஞ்சம் வேகம் கூட்டுவேன். தொழுதூர் வரும்போது பறை, தவில், உறுமி எல்லாம் காருக்குள் இருக்கும். ஒரு நாளும் கண் சொக்கியதில்லை. நாதஸ்வரம் கல்யாண மண்டபத்துக்கு நல்லது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆலாபனை விரிய விரிய இமை இறங்கிவிடும்.

வேப்பமரத்தடி:
தம்பி, "கண் சொக்கியதில்லை" என்பதை நீங்கள் எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் முன்பு உளுந்தூர்பேட்டை டோல் தாண்டும்போது ஒரு பாட்டு தொடங்கியது நன்றாக நினைவிருக்கிறது. அடுத்து எனக்கு நினைவில் இருக்கும் பாட்டு பாடாலூர் பக்கம் ஓடியது. ஊருக்குப் போனபிறகு வரிசையைப் பார்த்தேன். நடுவில் பதினான்கு பாட்டு. அத்தனையும் என் காதில்தான் விழுந்திருக்கின்றன, ஒன்றுகூட நினைவில்லை. தூங்கினேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. பாட்டு முழித்திருந்தது, அது மட்டும் உறுதி.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ரெய்னர், ஹார்ன் என்ற இருவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களை சிமுலேட்டரில் ஓட்ட வைத்து, முகத்தில் குளிர்காற்று, ரேடியோ இரண்டையும் சோதித்தார்கள். 1998இல் வெளியானது. இரண்டுமே கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கின, அதுவும் அரைகுறையாக. அவர்களே வேறு சோதனைகளில் பார்த்ததில், காபியும் கால் மணி நேரத் தூக்கமும்தான் வேலை செய்தன. ஆகவே குத்துப்பாட்டா நாதஸ்வரமா என்ற கேள்வியே தப்பு. கேட்பது உங்கள் இஷ்டம். ஆனால் தூக்கத்துக்கு மருந்து என்று சொல்லிக் கேட்காதீர்கள்.

ஆறாம்கியர்:
அக்கா, அது சிமுலேட்டர். எதிர்த்திசையில் ஹெட்லைட் இல்லாமல் பைக் வருமா அதில்? நடுரோட்டில் மாடு படுத்திருக்குமா? நம் ரோடே நம்மை எழுப்பிவிடும், பாட்டு அதற்குத் துணை.

வேப்பமரத்தடி:
ஊருக்குள் நீங்கள் சொல்வது சரி. விக்கிரவாண்டி தாண்டிய பிறகு? நேர்கோட்டில் நான்கு வழி, நடுவே அரளிச் செடி, முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு. சிமுலேட்டரே இதைவிடச் சுவாரசியமாக இருக்கும். இன்னொன்று: இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் ப்ராட்ஸ்கி என்பவர் தாளத்தின் வேகத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார். வேகமான தாளத்துக்கு வண்டியின் வேகமும் கூடியது, சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் கூடியது. தொழுதூரில் உறுமி ஒலிக்கும்போது உங்கள் ஸ்பீடோமீட்டர் என்ன சொல்கிறது?

ஆறாம்கியர்:
அதைப் பொதுவில் சொல்ல முடியாது.

கதைகேள்வி:
தாம்பரத்துக்காரர் வீட்டுத் தங்கச்சி பக்கம் நான். கதைதான். "அடுத்து என்ன" என்ற கேள்வி ஒன்று போதும், மூளை உட்கார்ந்து கேட்கும். ஐந்து பாகச் சரித்திர நாவல் ஒன்றை நான்கு ஊர்ப்பயணத்தில் முடித்தேன். கதை கவனத்தைக் கெடுக்கும் என்று யாராவது வருமுன் சொல்லிவிடுகிறேன்: யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும் 2001இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். செல்போனில் பேசியவர்கள் சிக்னலைத் தவறவிட்டது இரண்டு மடங்கானது. ரேடியோவோ ஒலிப்புத்தகமோ கேட்டவர்களுக்கு அந்தக் கெடுதல் இல்லை. கேட்பது வேறு, பதில் சொல்வது வேறு.

ஆறாம்கியர்:
போன வருடம் துவாக்குடிக்குப் போன கதையையும் சொல்லுங்களேன் சார். இங்கேதான் எழுதினீர்கள்.

கதைகேள்வி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். திருச்சி பைபாஸில் மதுரைக்குத் திரும்பாமல் தஞ்சாவூர் ரோட்டில் ஏறிவிட்டேன். கோட்டைக்குள் ஒற்றன் நுழைகிற கட்டம். துவாக்குடி வரை போய்த் திரும்பினேன். ஆனால் முழித்திருந்தேன் என்பதைக் கவனிக்கவும்.

வேப்பமரத்தடி:
வழி தவறுகிற அளவுக்கு முழித்திருந்தீர்கள்.

100.5:
எதைப் போடுவது என்று தேடுகிற வேலையைவிட ஆபத்தானது எதுவும் இல்லை என்பேன். நூறு கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் வண்டி 55 மீட்டர் போயிருக்கும், கண் இல்லாமல். நான் எஃப்எம் ஆள். சென்னையில் 101.4 ரெயின்போ, அது மேல்மருவத்தூர் பக்கம் இரைய ஆரம்பித்தால் நிறுத்திவிடுவேன். பிறகு என் பெயரில் உள்ள 100.5, கொடைக்கானல் எஃப்எம். டிரான்ஸ்மிட்டர் மலை உச்சியில் இருப்பதால் பல மாவட்டத்துக்கு எட்டும். எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது, உயரம்தான் அதற்குப் பலம். துவரங்குறிச்சி இருட்டில் அது தெளிவாகக் கேட்க ஆரம்பிக்கும்போது ஊர் வந்துவிட்ட மாதிரி இருக்கும். பாட்டை நான் தேர்ந்தெடுப்பதில்லை, ஆகவே யாரும் என்னோடு சண்டை போடுவதும் இல்லை.

பழைய_ஸ்டியரிங்:
பதினாறு வருடம் ஆம்னி பஸ் ஓட்டிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். எல்லாரும் படித்ததைச் சொல்கிறீர்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன். பஸ்ஸில் பாட்டு பயணிகளுக்கு. பதினொரு மணிக்கு மேல் அதையும் நிறுத்திவிடுவோம், ஆட்கள் தூங்க வேண்டும். அதற்குப் பிறகு டிரைவருக்கு இருந்த ஒரே ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிளீனர்தான். அவன் வேலையே பேசுவது. எந்த ஊரில் பெண் பார்த்தார்கள், எவ்வளவு சீட்டுப் பணம் போச்சு, எல்லாம் சொல்வான். முன்னால் லாரி பிரேக் அடித்தால் பாதி வாக்கியத்தில் வாயை மூடுவான். போனில் பேசுகிற ஆளுக்கு அந்த லாரி தெரியாது, தொடர்ந்து பேசுவான். என் பதிலில் "உம்" குறைந்தால் கிளீனருக்குப் புரிந்துவிடும். "அண்ணே, டீ" என்பான். எந்தப் பாட்டுக்கும் என் "உம்" கேட்காது.

ராத்திரி இரண்டிலிருந்து நான்கு வரைதான் பொல்லாத நேரம். கொட்டாவி வருவதுகூடப் பரவாயில்லை. கொட்டாவி நின்று, எல்லாம் வசதியாக இருக்கிற மாதிரி தோன்றினால் உடனே ஓரம் கட்டு. நெடுஞ்சாலையில் போலீஸார் வண்டியை மறித்து முகம் கழுவச் சொல்லி டீ கொடுத்து அனுப்பியதும் இந்த நேரத்தில்தான். அப்போது எரிச்சலாக இருக்கும், திட்டியிருக்கிறேன்.

தம்பி தாம்பரம், ஒரு கேள்வி. முன்சீட்டில் மாமனார் தூங்காமல்தானே வருகிறார்?

தாம்பரத்துக்காரன்:
செங்கல்பட்டு தாண்டும்போதே தூங்கிவிடுவார் அண்ணே. ஆனால் நாதஸ்வரத்தை மாற்றினால் எழுந்து ஏன் மாற்றினாய் என்பார்.

பழைய_ஸ்டியரிங்:
அப்படியென்றால் அவரைப் பின்னால் அனுப்பு. முன்சீட்டு சம்பளமில்லாத வேலை, தூங்குகிறவருக்குக் கிடையாது.

ஆறாம்கியர்:
பெரியவர் சொல்வதை ஏற்கிறேன், துணைக்கு ஆள் இருந்தால். நான் தனியாகப் போகிறவன். எனக்கு யார் "டீ" என்று சொல்வார்கள்?

வேப்பமரத்தடி:
தனியாகப் போகிறவர் இரவில் போக வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். போயே ஆக வேண்டுமென்றால் காபி குடித்த கையோடு சீட்டைச் சாய்த்துப் பதினைந்து நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். எழும்போது இரண்டும் சேர்ந்துகொள்ளும். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், ரோட்டோரத்தில் அல்ல.

ஆறாம்கியர்:
சரி அக்கா, செய்து பார்க்கிறேன். உறுமியை விடமாட்டேன். வேகத்தைக் குறைக்கிறேன்.

தாம்பரத்துக்காரன்:
இந்த வாரம் போய் வந்தேன், சொல்லிவிடுகிறேன். ராத்திரிக்குப் பதில் சனிக்கிழமை காலை நான்கரைக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் மனைவி, கதை வேண்டாம் பேசலாம் என்று முடிவு. திருச்சி வருவதற்குள் வீட்டுக்கடன், பையன் பள்ளிக்கூடம், என் தம்பி கல்யாணத்தில் யார் யாரை எப்படி நடத்தினார்கள் என்ற பழைய கணக்கு எல்லாம் முடிந்தது. தூக்கம் வரவில்லை, கொஞ்சம் கோபம் வந்தது. பின்சீட்டில் மாமா பரனூர் டோலிலேயே தூங்கிவிட்டார். விராலிமலை தாண்டி, இனியாவது என் பாட்டைப் போடலாம் என்று கையை நீட்டினேன்.

"அந்தத் தோடி இன்னும் முடியலையே மாப்ளே" என்றார், கண்ணைத் திறக்காமலே.