டர்போவையே மாற்றியும் நீலப் புகை நிற்கவில்லை: இன்ஜினைத் திரும்பப் பிரிக்கணுமா?

சிவப்பு_சிட்டி (கோவை):
வணக்கம். 2001 ஹோண்டா சிட்டி 1.5 விடெக். இரண்டு வருடமாக ஷெட்டில் தூங்கிய வண்டி. இன்ஜினை முழுசாகப் பிரித்து, போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து), 75 மிமீக்குப் பதில் 75.5 மிமீ பிஸ்டன் போட்டேன். புது பிஸ்டன் ரிங், புது வால்வ் சீல், ஹெட் ஃபேசிங் எல்லாம் ஆயிற்று. அப்புறம் ஆசை விடவில்லை. பழைய டிடி04 டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது) ஒன்று வாங்கி, தனி ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்), பெரிய இன்ஜெக்டர், இன்டர்கூலர் வைத்து ஏற்றினேன். பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம், 0.4 பார்தான்.

ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் மூன்று நிமிடம் நின்றால் போதும், சைலன்சரில் நீலப் புகை. கிளம்பும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் நிற்கும் பைக்காரர் மறைந்தே போகிறார். 300 கிமீக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது. டர்போ சீல் போய்விட்டது என்று இன்னொரு டிடி04 வாங்கி மாட்டினேன். அதே புகை! மெக்கானிக் "ரிங் செட் ஆகலை, இன்ஜினை இறக்கணும்" என்கிறார். வீட்டில் ஏற்கெனவே பேச்சு வார்த்தை கிடையாது. என்ன செய்ய?

பெட்ரோல்_பித்தன்:
கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்த்தீர்களா ப்ரோ? பிளக் எப்படி இருக்கிறது? கியரில் இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வரும்போது புகை வந்தால் வால்வ் சீலைச் சந்தேகப்படலாம்.

சிவப்பு_சிட்டி:
175, 178, 175, 172 பிஎஸ்ஐ. பிளக் நான்கும் காய்ந்து, இளம் பழுப்பு நிறம். மருதமலையிலிருந்து இரண்டாவது கியரில் இறங்கிப் பார்த்தேன், புகை இல்லை.

லேத்_பட்டறை:
தம்பி, இன்ஜினைத் தொடாதீர்கள். இவ்வளவு சீரான கம்ப்ரெஷனும் காய்ந்த பிளக்கும் இருந்தால் ரிங் மேல் பழி போட முடியாது. ஆயில் சிலிண்டருக்குள் எரியவில்லை, டர்போவின் டர்பைன் (எக்ஸாஸ்ட்) பக்கம் கசிந்து சைலன்சரில் எரிகிறது.

இரண்டு டர்போவும் ஒரே மாதிரி கெட்டிருக்காது. டர்போ சீல் என்றால் ரப்பர் என்று நினைக்கிறோம். அது பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன இரும்பு ரிங், தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுக்கிற வேலை அதற்குத் தெரியாது. உள்ளே வரும் ஆயிலுக்கு பம்ப் பிரஷர் இருக்கிறது. வெளியே போகும்போது நுரைத்துப்போய், தன் எடையில்தான் வழிந்து இறங்க வேண்டும். வழி கொஞ்சம் அடைத்தாலும் டர்போவின் நடு ஹவுசிங் நிரம்பி ரிங்கைத் தாண்டிவிடும். ஓட்டும்போது எக்ஸாஸ்ட் பிரஷர் தடுத்து வைக்கும், ஐடிலில் அதுவும் இருக்காது. அதனால்தான் சிக்னலில் மட்டும் புகை.

டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் ரிட்டர்ன் பைப் என்ன சைஸ், ஆயில் சேம்பரில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) எங்கே சேர்கிறது?

சிவப்பு_சிட்டி:
அண்ணா, மாட்டிக்கொண்டேன். 3/8 இன்ச் ஹோஸ். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம் என்பதால் டர்போ தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. ஃபேனில் படாமல் இருக்க ஹோஸை ஒரு சுற்று சுற்றி, படுக்கையாகக் கொண்டுபோய், டிரெயின் போல்ட்டுக்கு மேலே ஒரு நிப்பிள் வைத்து வெல்டிங் அடித்தோம். டிப்ஸ்டிக் மேல் கோட்டின் உயரத்தைக் கணக்குப் போட்டு சேம்பர் வெளியே சாக்பீஸில் கோடு இழுத்துப் பார்த்தேன். நிப்பிள் அந்தக் கோட்டுக்கு 2 செமீ கீழே இருக்கிறது.

லேத்_பட்டறை:
போதும், குற்றவாளி கிடைத்துவிட்டார். ரிட்டர்ன் ஆயில் மட்டத்துக்கு மேலேதான் விழ வேண்டும். உள்விட்டம் அரை இன்ச்சுக்குக் குறையக் கூடாது, 5/8 வைத்தால் நிம்மதி. செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது, நடுவில் தொப்பை விழக் கூடாது. சேம்பரைக் கழற்றித்தான் வெல்டிங் அடிக்க வேண்டும். மாட்டுவதற்கு முன் பெட்ரோலில் கழுவி துணியால் துடைத்துவிடுங்கள், ஒரு துளி வெல்டிங் துகள் ஆயிலோடு பேரிங்குக்குள் போனால் பேரிங் போய்விடும்.

டிராக்_டே:
ஊடே ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு ஞாபகம் இருக்கிறதா? ஆர்சியில் இல்லாத இன்ஜின் மாற்றத்தோடு ரோட்டில் போனால் சிக்கல். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு_சிட்டி (எட்டு நாள் கழித்து):
பழைய ஓட்டையை அடைத்து, நிப்பிளை 5 செமீ மேலே ஏற்றி 5/8 ஹோஸ் நேராக இறக்கியாயிற்று. முதல் நாள் அதே புகை, வயிற்றில் புளி கரைத்தது. சைலன்சரில் படிந்திருந்த பழைய ஆயில் அது. 40 கிமீ ஓடிய பிறகு சுத்தம். ஷெட்டில் பதினைந்து நிமிடம் ஐடில் விட்டேன், வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தும் கறை இல்லை.

ஆனால் புதுசாக ஒன்று: மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் டிப்ஸ்டிக் துள்ளி மேலே வந்துவிடுகிறது.

லேத்_பட்டறை:
டேப்பட் கவரிலிருந்து இன்டேக்குக்குப் போகும் பிசிவி ஹோஸை (இன்ஜின் உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) அப்படியே விட்டிருப்பீர்கள். பூஸ்ட் வரும்போது காற்று அது வழியாகத் தலைகீழாகக் கிராங்க்கேஸுக்குள் (இன்ஜினின் அடிப்பகுதி) போகிறது. ஒருவழி வால்வ் ஒன்று போடுங்கள், கூடவே ஆயில் ஆவியைப் பிடிக்கும் கேட்ச் கேன். இதை விட்டால் உள்ளே பிரஷர் ஏறி, நல்ல ரிட்டர்ன் பைப்பிலும் ஆயில் இறங்காது, புகை திரும்பி வரும்.

பெட்ரோல்_பித்தன்:
அப்போ 0.8 பார் ஏற்றலாமா? 😄

லேத்_பட்டறை:
பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் ஒரிஜினல்தானே? பிளாக்கைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். 0.4-லேயே இருங்கள்.

சிவப்பு_சிட்டி:
வால்வ் போட்டேன், டிப்ஸ்டிக் அடங்கிவிட்டது. நன்றி அண்ணா. முதலில் கழற்றிய டிடி04 நல்ல நிலையில் சும்மா கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா?